ஒரே கரி, மூன்று பரப்பளவு

முதுகலை ப்ராஜெக்டுக்காகக் கொட்டாங்குச்சிக் கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, 700 டிகிரியில் சுட்டு, கழுவிக் காயவைத்திருந்தேன். கரியின் துளைச் சுவர்களையும் சேர்த்த மொத்தப் பரப்பளவை அளப்பது மட்டும்தான் பாக்கி. வாயு படிவதை வைத்துப் பரப்பளவைக் கணக்கிடும் பி.இ.டி. கருவியில் கொடுத்தால் எண் வந்துவிடும் என்ற நினைப்பு.

முதல் நாளே சொதப்பல். டிகாஸ் செய்ய, அதாவது கரியில் ஒட்டியிருக்கும் ஈரத்தையும் வாயுக்களையும் வெளியேற்ற, வெற்றிட வால்வைச் சட்டென்று திறந்துவிட்டேன். கரித்தூள் புகை மாதிரி எழும்பிக் குழாயின் கழுத்தெல்லாம் அப்பிக்கொண்டது. “மெதுவாத் தொறக்கணும்மா, மாவு மாதிரி அரைச்சிருக்கியே” என்று ஆபரேட்டர் அண்ணா குழாயை வாங்கிக் கழுவப் போனார்.

மறுநாள் 120 மில்லிகிராம் நிறுத்துப் போட்டு, 300 டிகிரியில் இரவு முழுக்க டிகாஸ். அப்புறம் குழாயைத் திரவ நைட்ரஜனில் இறக்கினோம். 77 கெல்வினில் நைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, அது துளைச் சுவர்களில் படிகிறது. ஓரடுக்குக்கு எவ்வளவு வாயு தேவை என்பதை 1938-இல் புருனாவர், எம்மெட், டெல்லர் மூவரும் தந்த பி.இ.டி. சமன்பாடு சொல்லும். ஒரு மூலக்கூறு அடைக்கும் இடம் 0.162 சதுர நானோமீட்டர். பெருக்கினால் பரப்பளவு.

வந்தது கிராமுக்கு 702 சதுர மீட்டர். “டிகாஸுக்கு அப்புறம் எடை பார்த்தியா?” என்றார் அண்ணா. பார்க்கவில்லை. நிறுத்தால் 104 மில்லிகிராம்தான்! மீதி 16, கரி காற்றிலிருந்து குடித்திருந்த ஈரம். எடையைத் திருத்தியதும் 810.

சந்தோஷமாக கைடிடம் போனேன். அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை, நேரே அதே சமன்பாட்டில் வரும் சி மாறிலிக்குப் போனார். மைனஸில் இருந்தது. அது பரப்புக் கவர்ச்சியின் ஆற்றலோடு சம்பந்தப்பட்டது; மைனஸில் வந்தால் அர்த்தமே இல்லை. மென்பொருள் வழக்கம்போல் 0.05 முதல் 0.30 வரையான சார்பு அழுத்தப் புள்ளிகளில் (நைட்ரஜனின் அழுத்தத்துக்கும் அதன் நிறைவு அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) கோடு போட்டிருந்தது. என் கரியிலோ 2 நானோமீட்டருக்கும் குறைந்த நுண்துளைகள்தான் அதிகம். அவை அதற்கு முன்பே நிரம்பிவிடுகின்றன. எல்லையை 0.01 முதல் 0.08 வரை இறக்கியதும் சி ப்ளஸுக்கு வந்தது, பரப்பளவு 880 ஆனது. அதுவும் நுண்துளைப் பொருளுக்கு ஒப்பீட்டு எண்தான், உண்மையான சுவர்ப் பரப்பு அல்ல என்றார்.

போன மாதம் அளந்த இரண்டு மாதிரிகளின் கோப்புகளையும் அன்றிரவே திறந்து எல்லையை மாற்றினேன். பரப்பளவில் பின்தங்கியிருந்த மாதிரி முந்திக்கொண்டது. ரிவ்யூவுக்குச் செய்து வைத்திருந்த ஸ்லைடில் அவற்றை ஒப்பிட்டிருந்த படத்தை அழித்துவிட்டு மறுபடி வரைய உட்கார்ந்தேன்.