தென்காசி வானக் குறிப்புகள்: சாரல் முதல் புரட்டாசி வரை

ஜூன் 21

குற்றால மலைமுகடுகள் விடிந்ததிலிருந்து மேகத்துள் மறைந்திருக்க, ஊருக்குக் கிழக்கே வானம் வெளுத்துக் கிடக்கிறது. இந்தப் பருவத்தில் மேகங்களைப் படமெடுக்கும்போது நேரம், திசை, அடிவானிலிருந்து உயரம் ஆகியவற்றையும் உடனுக்குடன் எழுதிவைப்பது என்று முடிவுசெய்திருக்கிறேன். கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் மூடிய முட்டி சுமார் 10 பாகையையும் சுண்டுவிரல் சுமார் 1 பாகையையும் மறைக்கும். அடிவானிலிருந்து 30 பாகைக்கு மேலே பரவியிருக்கும் சிறு திரள்கள் சுண்டுவிரலுக்குள் அடங்கினால் மிக உயரத்து மேகமான சிர்ரோகுமுலஸ் என்றும், அதைவிடப் பெரியனவாக இருந்தால் நடுத்தர உயரத்து மேகமான ஆல்டோகுமுலஸ் என்றும் பிரித்தறிய இந்த எளிய அளவே போதுமானது.

ஆர்வலர்களின் படங்களுக்கு அறிவியலில் இடமில்லை என்று எவரும் எண்ண வேண்டாம். 1896இல் முதன்முதலில் வெளிவந்த பன்னாட்டு மேக வரைபட நூலின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘ஆஸ்பெரிட்டாஸ்’ என்னும் அலைக்கொந்தளிப்பு வடிவம் சேர்க்கப்பட்டதற்குப் பல நாடுகளின் எளிய மனிதர்கள் எடுத்தனுப்பிய படங்களே தூண்டுதலாக இருந்தன.

ஜூலை 9

இன்று மாடியில் கைப்பேசியை மல்லாக்க வைத்து, பத்து விநாடிக்கு ஒரு படம் வீதம் உச்சிவானை எடுத்தேன். படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தபோது, தாழ்ந்த திரள் மேகங்கள் மேற்கிலிருந்து கிழக்கே விரைய, அவற்றின் இடைவெளிகளில் தெரிந்த கீற்று மேகங்கள் கிழக்கிலிருந்து மேற்கே ஊர்ந்தன. ஒரே வானத்தில் எதிரெதிராக ஓடும் இரண்டு காற்றுகளை இவ்வளவு தெளிவாகக் காண்பது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. கீழே வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. ஏறத்தாழ 14 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில் வீசுவது வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று, அதாவது உயரத்தில் குறுகிய பட்டையாகக் கிழக்கிலிருந்து மிக விரைந்து வீசும் காற்று. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம் 1958இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் மூலம் உலகுக்கு விளக்கிக் காட்டிய காற்று இதுவே. கோடையில் திபெத்திய மேட்டுநிலத்தின் மேலுள்ள காற்று சூடேறி, அதன் தெற்கே உயரத்தில் கிழக்குக் காற்று வலுப்பெறுகிறது. கீற்று மேகம் ஊர்வதுபோல் தோன்றுவது தொலைவின் காரணமாகத்தான். உண்மையில் கீழே ஓடும் மேகத்தைவிட அதுவே விரைவாகச் செல்லக்கூடும்.

ஜூலை 24

காத்திருந்த மேகம் இன்று மாலை கிடைத்தது. 5.40 மணிக்கு, ஊருக்குக் கிழக்கே ஆலங்குளம் திசையில், அடிவானிலிருந்து இரண்டு முட்டி உயரத்தில், விளிம்புகள் வழுவழுப்பாகச் சீவப்பட்ட வில்லை வடிவ மேகம் ஒன்று வடக்குத் தெற்காக நீண்டு நின்றது. சற்று நேரத்தில் அதன்மேல் இன்னொன்றும் உருவாகி, கவிழ்த்து அடுக்கிய தட்டுகளைப் போலத் தோன்றியது. அம்மியும் பறக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றில், கீழே காற்றாலை இறக்கைகள் ஓயாமல் சுழல, சிறு திரள் மேகங்கள் அடியில் ஓடிக் கடந்துபோக, அது மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அசையாததுபோல் தெரிந்தாலும் அந்த மேகம் ஒவ்வொரு நொடியும் புதிதாகிக்கொண்டிருந்தது. மேற்குத் தொடரின்மேல் ஏறி இறங்கும் காற்று, மேலெழும் காற்றை மீண்டும் கீழே தள்ளும் நிலையான காற்றடுக்கு ஒன்று மேலே இருக்குமானால், மலையைக் கடந்த பிறகும் அலையலையாக எழுந்து தாழ்ந்துகொண்டே கிழக்கே செல்லும். காற்று எழும் இடத்தில் குளிர்ந்து நீராவி துளிகளாகிறது. தாழும் இடத்தில் வெப்பமடைந்து துளிகள் ஆவியாகின்றன. அலை மலைக்குக் கட்டுப்பட்டு ஒரே இடத்தில் நிற்பதால் மேகமும் நிற்கிறது. காற்று மட்டும் அதற்குள் புகுந்து வெளியேறுகிறது. முக்காலியில் பொருத்தி எடுத்த தொடர்படங்களில், மேற்கு விளிம்பில் புகைபோல் நூலிழைகள் பிறந்து, உடல் முழுவதும் ஓடி, கிழக்கு விளிம்பில் கரைவது துல்லியமாகத் தெரிகிறது. தனிப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த உண்மையை அது சொல்லாது. ஆகவே, அரிய மேகத்தைக் கண்டால் காற்றாலைத் தூணையோ கைப்பேசிக் கோபுரத்தையோ சட்டகத்துக்குள் வைத்து, கேமராவை அசைக்காமல் குறைந்தது பதினைந்து நிமிடங்களாவது தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் அதிகாலையில் ஏவப்பட்ட வானிலைப் பலூனின் அளவீடுகளை இரவில் பார்த்தேன். சுமார் 3 கிலோமீட்டர் உயரத்தில், வெப்பநிலை உயரத்தோடு குறையாத மெல்லிய அடுக்கொன்று பதிவாகியிருந்தது; அதற்குக் கீழே மேற்குக் காற்று வலுவாக இருந்தது. அலை எழத் தேவையான நிலையான அடுக்கு அதுதான். மாலையில் கண்ட வில்லை மேகத்தை ‘ஆல்டோகுமுலஸ் லென்டிகுலாரிஸ்’ என்று குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13

காலையில் சூரியனுக்கு அருகே மெல்லிய மேகத்தின் ஓரங்களில் பச்சையும் இளஞ்சிவப்பும் படர்ந்தன. துளிகள் மிகச் சிறியனவாகவும் ஏறத்தாழ ஒரே அளவினவாகவும் இருக்கும்போது ஒளி அவற்றின் விளிம்பில் வளைந்து இந்த நிறங்களைத் தருகிறது. சூரியனைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒளியளவைக் குறைத்து எடுத்தேன். வெறுங்கண்ணால் சூரியனை நோக்குவது எந்தப் படத்துக்காகவும் செய்யத் தகாதது.

அக்டோபர் 11

மலைமேல் பிற்பகலில் எழுந்த கார்திரள் மேகத்தின் உச்சி கூரைபோல் விரிந்து ஊரின்மேல் வந்தபோது, அதன் அடியில் பைகள் வரிசையாகத் தொங்கின. இவை மம்மாட்டஸ் எனப்படும். பனித்துகள்கள் நிறைந்த குளிர்ந்த காற்று அந்தக் கூரையிலிருந்து கீழே அமிழ்வதால் இவை உருவாகின்றன. தெருவில் சிலர் சூறாவளி வருமென்று அஞ்சினார்கள். அந்தப் பைகள் அதற்கு அறிகுறியல்ல என்று அவர்களிடம் எடுத்துச் சொன்னேன். ஆனால் அவற்றைத் தாங்கும் இடிமேகம் ஆபத்தானதுதான். சாய்ந்த வெயில் பைகளின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்து, அவற்றின் திரட்சியைக் காட்டியது. 5.48 முதல் 6.04 வரை வடமேற்கு நோக்கித் தொடர்ந்து எடுத்தேன். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி முப்பது விநாடிக்குக் குறைந்ததும், அதாவது மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்ததும், முக்காலியை மடக்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.