போர்ட்டலில் ஏற்றினால் கையில் கொடுத்த மாதிரியாம்

2023 டிசம்பர் கடைசி வாரத்தில் ஜி.எஸ்.டி. ஆணைகள் சரமாரியாக வந்தன. 2017-18ஆம் நிதியாண்டுக்கு, மோசடி இல்லாத வரிக் குறைவைக் கேட்கும் 73ஆம் பிரிவின் கீழ் ஆணை பிறப்பிக்க டிசம்பர் 31தான் கெடு. தாண்டினால் வரி கேட்கவே முடியாது. ஆகவே பதில் வராத நோட்டீஸ்களை எல்லாம் அப்படியே ஆணையாக்கிவிட்டார்கள்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ரெடிமேட் மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவருக்கும் அப்படி ஓர் ஆணை வந்திருந்தது. வந்ததே அவருக்குத் தெரியாது. சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு ஒருநாள், வரி விவகாரங்களைப் பார்க்கும் எனக்கு போன் செய்தார். "தம்பி, செக்கு திரும்பிருச்சு. கணக்குல பணம் கெடக்கு, எடுக்க முடியாதுங்கிறாங்க." வங்கிக்குப் போயிருந்தது டி.ஆர்.சி-13. வரி பாக்கியை வங்கியிடமிருந்தே நேரடியாக வசூலிக்கும் நோட்டீஸ் அது.

ஜி.எஸ்.டி. போர்ட்டலைத் திறந்து பார்த்தேன். 'நோட்டீஸ்கள், ஆணைகள்' என்ற பக்கத்தில் ஒன்றுமில்லை. 'கூடுதல் நோட்டீஸ்கள், ஆணைகள்' என்று அப்போது தனியாக இருந்த இன்னொரு பக்கத்தில் எல்லாம் வரிசையாகக் கிடந்தன: முன்னறிவிப்பு, விளக்கம் கேட்கும் டி.ஆர்.சி-01 நோட்டீஸ், நேர்விசாரணைக்கு அழைப்பு, கடைசியில் வரி கட்டச் சொல்லும் டி.ஆர்.சி-07 ஆணை. மின்னஞ்சலும் போயிருக்கிறது, வேலையை விட்டுப்போன பழைய கணக்குப்பிள்ளையின் முகவரிக்கு. சட்டத்தின் 169ஆம் பிரிவு நேரில் தருவது, பதிவுத் தபால், மின்னஞ்சல், போர்ட்டல் என்று பல வழிகளைச் சொல்கிறது. அதிகாரிகள் பிடித்துக்கொள்வது போர்ட்டலை. ஆள் இதே ஊரில் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஒரு தபால் அனுப்பினால் என்ன என்று நான் கேட்டதற்கு, "சட்டப்படி சர்வ் ஆகிடுச்சு சார்" என்பதுதான் பதில்.

விஷயம் என்னவோ எளிது. சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்வதுதான் இன்புட். அண்ணாச்சி தன் 3பி ரிட்டனில் எடுத்த இன்புட்டுக்கும், விற்றவர்கள் காட்டியதை வைத்துப் போர்ட்டல் தயாரிக்கும் 2ஏ பட்டியலில் தெரிந்த இன்புட்டுக்கும் வித்தியாசம். திருப்பூர் சப்ளையர் ஒருவர் இவர் ஜி.எஸ்.டி. எண்ணைப் போடாமல் பில்களை எல்லாம் சில்லறை விற்பனையாகக் காட்டியிருந்தார். முதல் வருடம், எல்லாரும் தடவித் தடவி ரிட்டன் போட்ட காலம். 2ஏ-வோடு ஒப்பிட்டு இன்புட்டுக்கு வரம்பு வைக்கும் விதியே 2019 அக்டோபரில்தான் வந்தது. இந்த மாதிரி வித்தியாசத்துக்காகவே 2022 டிசம்பர் 27 தேதியிட்ட 183ஆம் சுற்றறிக்கை இருக்கிறது: ஒரு சப்ளையருக்கு, ஒரு வருடத்துக்கு வித்தியாசம் 5 லட்சத்துக்குள் என்றால் அவரிடமே சான்று வாங்கிக் கொடுக்கலாம், மேலே போனால் சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) அல்லது சி.எம்.ஏ. (செலவுக் கணக்காளர்) சான்று. கேட்டிருந்தால் ஒரே வாரத்தில் கொடுத்திருக்கலாம். கேட்டது அவர் காதுக்கே எட்டவில்லையே! வரியோடு 18 சதவீத வட்டியும் அபராதமும் சேர்ந்து, தொகை இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது.

மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம், தாமதத்தை மன்னிக்க இன்னும் ஒரு மாதம். இரண்டும் ஏப்ரலோடு முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது ஒத்தக்கடை பக்கத்து உயர்நீதிமன்றக் கிளைதான். அங்கே நான் வாதாட முடியாது, ஒரு வக்கீலைப் பிடித்தோம். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் ரிட் மனு போட்டோம். அன்றைய பட்டியலில் நம்மைப் போலவே 'நோட்டீஸ் தெரியாது' என்று எத்தனையோ பேர். நீதிபதி அதிகம் கேட்கவில்லை. சர்ச்சையில் உள்ள வரியில் 10 சதவீதம் கட்டு, பழைய ஆணையையே நோட்டீஸாக எடுத்துக்கொண்டு பதில் கொடு, கட்டியதும் வங்கி முடக்கம் நீங்கும் என்று உத்தரவு. கட்டினோம். வங்கிக்காரர்கள் முடக்கத்தை எடுக்கத்தான் தலைமை அலுவலகம், சட்டப்பிரிவு என்று இழுத்தடித்தார்கள்.

அப்புறம் சான்று வாங்கும் படலம். திருப்பூர்க்காரர் நல்ல மனிதர். லெட்டர்ஹெட்டில் பில் எண், தேதி, மதிப்பு, எந்த மாத 3பி-யில் வரி கட்டினார் என்று பில் வாரியாக எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். நானும் கொள்முதல் பில், லாரி ரசீது, வங்கிப் பட்டுவாடா மூன்றையும் ஒவ்வொன்றாகக் கோத்து வைத்தேன். இம்முறை நேர்விசாரணை உண்மையாகவே நடந்தது. வந்திருந்த புது அதிகாரி பில்லை எடுத்து, வரி ரசீதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தப் பகுதிக்குக் கேட்ட வரியை முழுக்கக் கைவிட்டார்கள்.

மிச்ச வித்தியாசம் ஈரோட்டு சப்ளையர் ஒருவரால் வந்தது. கொரோனாவில் கடையை மூடியவர், ரிட்டனே போடாதவர். விற்றவர் அரசுக்கு வரி கட்டினால்தான் வாங்கியவருக்கு இன்புட் என்று 16(2)(சி) சொல்கிறது. பணத்தை வரியோடு அவரிடம் கொடுத்ததற்கு வங்கிச் சான்று இருந்தும் பயனில்லை. 2021 பிப்ரவரியில் இதே மதுரைக் கிளை, ரப்பர் ஷீட் வியாபாரிகள் போட்ட டி.ஒய். பீத்தெல் வழக்கில், விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவரை மட்டும் பிடிப்பது சரியில்லை என்று சொல்லியிருக்கிறது. அதைப் பதிலில் எழுதினேன். இந்தப் பகுதி வரியைக் கட்டச் சொன்ன புது ஆணையில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

சண்டையைத் தொடரலாம் என்றேன். அண்ணாச்சி வேண்டாம் என்றுவிட்டார். அந்த நேரம் சட்டத்தின் 128ஏ பிரிவில் ஒரு சலுகை வந்திருந்தது. 2025 மார்ச் 31-க்குள் வரியை முழுசாகக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. முன்பு கட்டிய 10 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டி, அந்தத் தள்ளுபடி கேட்கும் எஸ்.பி.எல்-02 மனு போட்டோம். கோப்பு முடிந்தது. ஈரோட்டுக்காரர் மீது ஏதாவது நடவடிக்கை உண்டா என்று எழுத்தில் கேட்டிருந்தேன். அதற்கு இன்னும் பதில் இல்லை, போர்ட்டலின் எந்தப் பக்கத்திலும்.