100ஆம் நம்பர் பஸ்ஸில் ஒரு சம்பந்தம்

எங்கள் நாலு பேருக்கும் பெற்றோர் வைத்த பெயர்கள் உண்டு. ஆனால் நாங்கள் ஒருவரையொருவர் கடனின் பெயரால்தான் கூப்பிடுவோம். நான் 'கார்ட்'. வெள்ளவத்தைப் புடவைக் கடையில் நிற்கும் அக்கா 'அடைவு'. கொட்டாஞ்சேனையில் ஆட்டோ ஓடும் அண்ணன் 'லீசிங்'. கடைக்குட்டி 'பிளான்'. ஃபோன், லப்டொப், மெத்தை என்று அவனிடம் இருக்கிற எல்லாமே ஏதோ ஒரு ஈசி பேமெண்ட் பிளானில் வந்தவை. மெத்தைக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி. "கட்டி முடியுமட்டும் நித்திரை வராது" என்று சொல்லிக்கொண்டு அதிலேயே மத்தியானம் வரை படுப்பான்.

எங்களைச் சேர்த்துவைத்தது இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்த 2022ஆம் ஆண்டு. அந்த ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் ஏற்றியது. கார்ட் வட்டிக்கு இருந்த உச்சவரம்பும் அந்த மாதமே போயிற்று. என் கார்டில் வட்டி ஏறி ஏறிக் கடைசியில் 36இல் நின்றது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம். பால்மா, காஸ், அம்மாவின் மருந்து எல்லாவற்றையும் கார்டில் தேய்த்தேன். நான் புறக்கோட்டையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறவன் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிவைக்கிறேன். முதலாளியின் கணக்கில் ஒரு சதம் பிசகாது. என் கணக்கில் மட்டும் மாதாமாதம் மினிமம் பேமெண்ட்.

லீசிங் அண்ணனுக்கு, எரிபொருள் பங்கீட்டுக்கு கியூஆர் வந்த புதிதில், வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். "அஞ்சு லீற்றரில ஆட்டோ ஓடும், லீசிங் ஓடாது" என்பார். அக்காவின் இரண்டு சோடிக் காப்பு வங்கியில் அடகு. அடைவின் பொல்லாப்பு என்னவென்றால், தங்கம் விலை ஏற ஏற வங்கிக்கு நம்மில் அன்பு கூடிவிடும். வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கப் போனால், "இப்ப பவுணுக்குக் கூடத் தரலாம் மிஸ், எடுக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். அக்கா இரண்டு முறை எடுத்துவிட்டார். மூன்றாம் முறை லீசிங் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கவுண்டருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அவ்வளவுதான். அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

25ஆம் திகதி சம்பளம் வந்த பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் பாதையைத் தாண்டி, கல்லில் உட்காருவோம். கடலுக்குக் காசில்லை என்பது முதல் காரணம். பிளாஸ்கில் அக்கா கொண்டுவரும் பிளேன்ரீ, கச்சான் ஒரு சரை. யார் எவ்வளவு கட்டினோம் என்று சொல்ல வேண்டும். எந்தக் கடனை முதலில் முடிப்பது என்று மாதாமாதம் சண்டை வரும். கூடின வட்டியை முதலில் அடி என்பது என் கட்சி. சின்னக் கடனை முடித்தால் மனசுக்குத் தெம்பு என்பார் லீசிங் அண்ணன். அக்காவின் கட்சி வேறு: "ஆர் ஒரு நாளைக்குக் கூடத் தரம் ஃபோன் பண்ணுறானோ, அவனுக்கு முதல் கட்டு." 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி கார்டுக்கு 28, அடைவுக்கு 18 என்று மறுபடி வரம்பு வைத்தபோது அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை.

பாராட்டும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் ஏச்சாகத்தான் வரும். லீசிங் அண்ணன் கடைசித் தவணை கட்டி, ஆட்டோவின் புத்தகம் கைக்கு வந்த அன்று நாங்கள் ஆளுக்கு ஒருதரம் அதை மணந்து பார்த்தோம். சந்தோசத்தில் எங்களை ஏற்றிக் காலிமுகத்திடல் வரை ஓட்டிப் போனார். இறங்கும்போது பார்த்தால், பழக்கதோசத்தில் மீற்றரைப் போட்டிருக்கிறார்.

இன்னொன்று, கிரிப். கடன் தகவல் பணியகத்தைத்தான் நாட்டில் எல்லோரும் அப்படிச் சொல்வது. எங்கே கடன் எடுத்தோம், எத்தனை நாள் சுணங்கினோம் என்பதெல்லாம் அங்கே கிடக்கும். கணக்கன் என்பதால் நாலு பேருடைய கிரிப் அறிக்கையையும் வாசித்துப் பலன் சொல்லும் பொறுப்பு எனக்கு.

கடைசியாக ஒரே ஒரு சட்டம்: 2,000 ரூபாய்க்கு மேல் எது வாங்கினாலும், வாங்க முதல் எங்களில் ஒருவருக்கு ஃபோன் பண்ணி அதன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம்பமாட்டீர்கள், பாதி ஆசை அங்கேயே செத்துவிடும். "எனக்கு ஒரு மசாஜ் செருப்பு வேணும்" என்று என் வாயாலேயே கேட்டபோது நானே ஃபோனை வைத்துவிட்டேன்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். 2024 நவம்பர். வேலை முடிந்து புறக்கோட்டையில் 100ஆம் நம்பர் பஸ் ஏறினேன். சிங்களப் பாட்டு காதைப் பிளக்கிறது, கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன", முன்னுக்குப் போங்கோ, என்று ஆட்களை அடைகிறார். எனக்கு சீற் கிடைத்தது. பக்கத்தில் ஓர் அன்ரி, மடியில் மரக்கறிப் பை. கொள்ளுப்பிட்டியில் பிளான் கோல் எடுத்தான். சட்டப்படி எடுத்தான், அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு ஸ்கூட்டரில் மனம் போய்விட்டதாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழையதெல்லாம் புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடப் போய்க்கொண்டிருந்த காலம் அது. பாட்டுச் சத்தத்தில் நான் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

"டேய், சொல்லுறதைக் கேள். பார்க்க வடிவாத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் சத்தம் போடும்... ஏற்கெனவே ரெண்டு பேரிட்ட இருந்ததெண்டு நீதானே சொல்லுறாய்? ரெண்டு பேரும் ஏன் விட்டவை எண்டு யோசிச்சியா?... மேல பூசி மெழுகித்தான்டா காட்டுவாங்கள். நல்லாக் குடிக்கும் எண்டும் கேள்வி... அம்மாவுக்குத் தெரியுமா? அழாத. மூண்டு நாள் பொறு. மறந்திடுவாய்."

ஃபோனை வைத்ததும் அன்ரி என் பக்கம் திரும்பினார். "குறை நினைக்காதேங்கோ தம்பி. ரெண்டு பேரிட்ட இருந்தா என்ன? இந்தக் காலத்தில அதெல்லாம் பார்க்கிறதே?"

எனக்குச் சந்தோசம். பஸ்ஸில் இப்படி விபரம் தெரிந்தவர்கள் கிடைப்பது அபூர்வம். "எனக்கும் அது பிரச்சினை இல்லை அன்ரி. காசுதான் பிரச்சினை. முதலே 2 லட்சம் வைக்கட்டாம். பிறகு மாசம் 19,500, மூண்டு வருசத்துக்கு."

அன்ரி நெஞ்சில் கையை வைத்தார். "ஆர் கேக்கிறது?"

"இப்ப வச்சிருக்கிறவர்தான்."

"முருகா!" மரக்கறிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அதை விடச் சொல்லுங்கோ தம்பி. எங்கட தங்கச்சியிட்ட ஒண்டு இருக்கு, தெஹிவளையில. நல்ல அமைதி. ஒரு சதம் குடுக்கத் தேவையில்லை."

"சும்மாவோ அன்ரி?"

"சும்மாதான். வடிவாப் பார்த்துக்கொண்டாக் காணும்."

ஒரு ஸ்கூட்டரைச் சும்மா கொடுக்கிற குடும்பமும் இந்தக் கொழும்பில் இருக்கிறதே என்று எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்போது அவர் கேட்டார்: "அந்தத் தம்பியின்ர குறிப்பு எப்படி?"

பாட்டுச் சத்தத்தில் என் காதில் விழுந்தது கிரிப். சும்மா கொடுத்தாலும் கிரிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், நியாயம்தானே?

"ஒரு காலத்தில சரியான மோசம் அன்ரி. 2022இல பிடிச்சது. மூண்டு இடத்தில இருந்தது. ஒண்டு விட்டிட்டுது, மற்றது இந்த மாசம் முடியுது. ஒண்டுதான் இன்னும் 7 மாசம் இழுக்கும்."

"சனிதான்" என்றார் அன்ரி. "ஆர் பார்த்துச் சொன்னது?"

"நான்தான் பார்க்கிறனான். எங்கட நாலு பேரின்ரயும் நான்தான்."

அன்ரியின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடமும் விட்டார். "அப்ப பரிகாரம் என்ன சொல்லியிருக்கிறியள்?"

"ஒண்டுமில்லை அன்ரி. ஒவ்வொரு மாசமும் 25ஆம் திகதி பிந்தாமல் கட்டினாச் சரி."

"என்னத்தை? நூலோ?"

பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் நின்றது. எனக்கும் அப்போதுதான் எல்லாம் நின்றது. பூசி மெழுகியது, குடிப்பது, வைத்திருக்கிறவர், சாதகக் குறிப்பு... ஒவ்வொன்றாக மண்டையில் திரும்பி ஓடியது. முன் சீற்றில் இருந்த பெடியன் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்போதே விளங்கிவிட்டது போல. இனி இதை எங்கே தொடங்கி எப்படி விளங்கப்படுத்துவது? மானமுள்ள மனிதன் என்றால் உண்மையைச் சொல்லியிருப்பான்.

"ஓம் அன்ரி" என்றேன். "நூல்தான்."

சவோய் தியேட்டர் பக்கம் இறங்குவதற்கு முன் அன்ரி ரிக்கற்றின் பின்பக்கத்தில் ஒரு நம்பரை எழுதித் தந்தார். "பிள்ளை லைப்ரரியில வேலை" என்றார். "தம்பியை அழ வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

25ஆம் திகதி கடற்கரையில் இந்தக் கதையைச் சொன்னபோது அக்காவுக்குப் பிளேன்ரீ மூக்கால் வந்தது. பிளான் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று நாள் பொறுத்ததில் ஸ்கூட்டர் ஆசை போயிருந்தது. ஆனால் ரிக்கற்றை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கவனமாக மடித்து ஃபோன் உறைக்குள் வைத்துக்கொண்டான்.

"டேய், சட்டம்" என்றார் லீசிங் அண்ணன். "வாய்விட்டுச் சொல்லு."

"இது 2,000க்குக் குறைவு அண்ணை. ஒரு கோல்தானே."

அடுத்த கிழமை இரவு எனக்கு அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. கோல் எடுத்திருக்கிறான். நல்லாக் கதைத்தாவாம். "கார்ட் அண்ணை, அன்ரி குறிப்பை அனுப்பச் சொல்லுறா. எதை அனுப்புறது?"

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, இதையே எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான் போல, லீசிங் அண்ணனின் பதில் வந்து விழுந்தது.

"ரெண்டையும் அனுப்பு. எது பொருந்துதெண்டு பார்க்கட்டும்."