குமிழி வரவில்லையென்று கொட்டிய 10 லீற்றர்

தேங்காய்த் தண்ணீர் வினாகிரி போடுகிறவர்கள் முதற்கட்ட நொதித்தலை, அதாவது சீனி மதுசாரமாவதை, மூடியிலிருந்து தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்ட குழாயில் வரும் குமிழியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். மூன்றாம் நாள் குமிழி இல்லையென்று ஒரு வாளியை அப்படியே கிணற்றடியில் கொட்டியாயிற்று. கவிழ்த்த பிறகுதான் உள்சுவரில், தண்ணீர் நின்ற மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே, காய்ந்த பழுப்பு நுரை வளையம் தெரிந்தது. அந்த வளையம் இருந்தால் நொதித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். காபனீரொட்சைட்டு குழாயால் வராமல் மூடி இடுக்கால் போயிருக்கிறது.

மூடியைச் சோதிப்பது சுலபம். உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் போத்தல் தண்ணீருக்குள் குமிழி வரும். கையை எடுத்ததும் தண்ணீர் குழாய்க்குள் ஏறி நிற்க வேண்டும், உடனே இறங்கினால் ஒழுக்கு. ஒழுகினாலும் பரவாயில்லை, வாயு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை கெடாது. அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் கெடுக்கும்.

மட்டக்களப்பு எழுவான்கரையில் கொப்பரைக்கு உடைக்கும் வளவுகளில் தண்ணீர் சும்மா கிடைக்கும். அன்றைக்கே வடித்துக் காய்ச்சிவிடுங்கள், பின்னேரத்துக்குள் புளித்துவிடும். 10 லீற்றருக்கு 1 கிலோ சீனி. நன்றாக ஆறிய பிறகு 5 கிராம் பேக்கரி ஈஸ்ட்.

நொதித்தலுக்கு நம்பத்தக்க சாட்சி நீரமானி ஒன்றுதான். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி அது, சீனி மதுசாரமாக மாற மாற அளவு இறங்கும். வாகன உதிரிப்பாகக் கடையில் கேட்டால் பற்றரி அசிட்டுக்கானதை எடுத்துத் தருவார்கள். அதன் அளவு 1.100 அளவில்தான் தொடங்கும், ஒன்றுக்கும் உதவாது. போய்வந்த பஸ் காசுதான் நட்டம். 1.000 முதல் 1.100 வரை காட்டுவது வேண்டும். அளக்கும்போது ஒருமுறை சுழற்றிவிடுங்கள், ஒட்டிய குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்துக் கூடுதலாகக் காட்டும். 20 பாகை செல்சியஸுக்கு அளவு குறித்த கருவியென்றால் நம் 30 பாகை வெக்கைக்கு 0.002 அல்லது 0.003 கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாளி 1.050 இல் தொடங்கி இரண்டாம் நாள் 1.028, ஐந்தாம் நாள் 0.998. ஆறாம் நாளும் அதே 0.998. இரண்டு நாள் அசையாமல் நின்றால் முடிந்தது. குழாயில் அந்த வாளியும் ஒரு குமிழி காட்டவில்லை!

வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாளியைச் சுற்றி ஈரச்சாக்குக் கட்டுங்கள். 35 பாகையைத் தாண்டினால் ஈஸ்ட் களைத்துப் பாதியில் நின்றுவிடும். முட்டை நாற்றம் தானாகப் போகும். மயிர் முளைத்த பச்சை, கறுப்புப் பூஞ்சணம் கண்டால் யோசிக்காமல் ஊற்றிவிடுங்கள்.

மதுசாரம் வினாகிரியாகும் இரண்டாம் கட்டத்துக்கு மூடியைக் கழற்றித் துணி கட்ட வேண்டும், இனிக் காற்று தேவை. மண்டியை விட்டுத் தெளிவை மட்டும் எடுத்து, 2 லீற்றர் காய்ச்சாத பழைய கள்ளு வினாகிரி சேருங்கள். அசற்றிக்கமிலத்தில் தண்ணீர் கலந்த செயற்கைப் போத்தலை வாங்கி ஏமாறாதீர்கள், அதில் உயிர் இல்லை. சில நாளில் மேலே வழுவழுப்பான வெண்சவ்வு படரும். அதுதான் வினாகிரியின் தாய், புளிப்பை உண்டாக்கும் பற்றீரியாப் படலம். ருசி பார்க்கக் கரண்டி விட்டுக் கலக்கினால் அது தாழ்ந்துபோகும், புதுச் சவ்வு கட்டும்வரை புளிப்பு ஏறுவது தாமதமாகும்.