விமானம் ரத்து, பெட்டி பாரிஸில், நாங்கள் பெங்களூரில்

2024 மே மாதம் ஐரோப்பா சுற்றிவிட்டுத் திரும்பும்போது பாரிஸில் எங்கள் விமானம் ரத்தானது. நான், வீட்டுக்காரர், பையன், மாமியார் என்று நான்கு பேர். வளைகுடா நாடு ஒன்றில் இறங்கி, வேறு விமானம் மாறி, சென்னை வர வேண்டும். இரண்டு விமானத்துக்கும் ஒரே பி.என்.ஆர். சுற்றிப் பார்த்த கதையை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், ஈபிள் கோபுரமும் அங்கேயேதான் நிற்கிறது. ரத்தானபிறகு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஏறி உட்கார்ந்து பெல்ட்டெல்லாம் போட்டாயிற்று. வண்டி நகரவில்லை. வெகுநேரம் கழித்து, தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்ய முடியவில்லை என்று கேப்டன் அறிவித்தார். வீட்டுக்காரருக்கு எதையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அந்த அறிவிப்பை நேரத்தோடு போனில் குறித்துக்கொண்டார். எல்லாரையும் இறக்கிவிட்ட பிறகு கம்பெனி அனுப்பிய எஸ்.எம்.எஸ்ஸில் "இயக்கக் காரணங்களால் ரத்து" என்று மொட்டையாக ஒரு வரிதான் இருந்தது.

எனக்கு முதல் பயம் விசா. எங்களுடையது ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய ஷெங்கன் விசா; வெளியேறும் முத்திரையும் குத்தியாகிவிட்டது. இனி எப்படி வெளியே போய் ஓட்டலில் தங்குவது? எல்லைப் போலீஸ் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, அன்றைய முத்திரையின் மேல் பேனாவால் கோடு போட்டு ரத்து செய்து, தலையசைத்து உள்ளே அனுப்பினார். விசாவில் நாள் மிச்சமிருந்ததால் அவ்வளவோடு முடிந்தது. விசா முடிகிற நாளிலேயே திரும்பும் டிக்கெட் போடுகிறவர்களைப் பார்த்தால் இப்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கவுன்ட்டரில் பெரிய வரிசை. முன்னால் நின்ற பாதிப்பேர் கோபத்தில் டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். அதை வாங்கிவிட்டால் உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு கம்பெனிக்கு இல்லை. அன்றைய விலையில் நாமே டிக்கெட் எடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, பணமா மாற்று விமானமா என்று தேர்ந்தெடுப்பது பயணியின் உரிமை. காத்திருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு, இரவு தங்க வேண்டியிருந்தால் ஓட்டல், போய்வர வண்டி எல்லாம் கம்பெனி செலவு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து கிளம்புகிற விமானம் எந்த நாட்டுக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இதுதான் விதி.

"சென்னைக்கு அடுத்த வாரம்தான் இடம் இருக்கிறது" என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண். பெங்களூருக்கு? அவர் தட்டிப் பார்த்தார். மறுநாள் இரவே நான்கு இடம் இருந்தது. எங்களைப் போன்ற வேலூர்க்காரருக்கு இது ஒரு வசதி. சென்னை 140 கிலோமீட்டர் என்றால் பெங்களூர் விமான நிலையம் 200 சொச்சம், அவ்வளவுதான். கூடவே ஒரு டிராவல் வவுச்சரும் நீட்டினார், கையெழுத்துப் போட்டால் போதுமாம். நஷ்டஈட்டைப் பணமாகத் தராமல் வவுச்சராகத் தருவதற்கு நம் கையெழுத்து வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. போடவில்லை.

ஓட்டலுக்கு சிடிஜிவால் என்கிற இலவச ரயிலில் போனோம், ஓட்டுநரே கிடையாது. அத்தைக்குச் சர்க்கரை. இன்சுலின் பேனாக்களைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருந்ததால் பிழைத்தோம், பெட்டிகள் எங்கள் கைக்குத் திரும்ப வரவில்லையே. ஓட்டல் அறையின் குட்டி ஃபிரிட்ஜில் இன்சுலினை வைத்துவிட்டு உட்கார்ந்தால், "இன்னாம்மா, நாம இப்போ எந்த ஊர்ல கீறோம்?" என்று அத்தை கேட்டார். இன்னும் பாரிஸில்தான் என்றதும் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பெங்களூரில் இறங்கினால் பாதிப் பெட்டி வரவில்லை. வெளியே வருவதற்கு முன்பே, பெட்டிகள் வரும் பெல்ட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கவுன்ட்டரில் பி.ஐ.ஆர். என்கிற புகார்ச் சீட்டு வாங்கியாக வேண்டும். வெளியே வந்துவிட்டால் நிரூபிப்பது பெரும்பாடு. பெட்டியில் என்னென்ன இருக்கிறது, என்ன நிறம், போர்டிங் பாஸில் ஒட்டிய டேக் எண் எல்லாம் கேட்பார்கள். நாம் இல்லாமல் பின்னால் வரும் பெட்டியைச் சுங்கத்துறை திறந்து பார்க்கலாம் என்பதால் ஒப்புதல் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் கொடுத்தோம். நம்பர் பூட்டின் எண்ணையும் அதே தாளில் எழுதச் சொன்னார்கள்.

டாக்ஸி கோலார், முல்பாகல், பலமனேர், சித்தூர் வழியாக வந்தது. மூன்று மாநிலம் என்பதால் பர்மிட் பணம் தனி. ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. கிறிஸ்தியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டியதும் அத்தை ஜன்னலை இறக்கினார். அக்னி நட்சத்திரக் காற்று முகத்தில் அடித்தது. ஏற்றச் சொன்னேன், கேட்கவில்லை.

பெட்டிகள் பிறகு வீட்டுக்கே வந்தன. ஒன்றில் பையன் ஆசையாக வாங்கிய பிரெஞ்சு சீஸ் இருந்தது. வேலூர் மே மாதம், சீஸ். மேலே சொல்ல வேண்டாம். பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதத்தால் ஆன செலவுக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தம்.

இனி நஷ்டஈடு. 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ. ஒரே பி.என்.ஆர். என்பதால் கடைசி ஊர் வரை தூரம் கணக்காகும். டிக்கெட் காசு கொடுத்த பிள்ளைகளுக்கும் முழுத்தொகை. கம்பெனியின் முதல் பதில், "அசாதாரணச் சூழ்நிலை, தர இயலாது." புயல் என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் விமானத்தின் சாதாரணத் தொழில்நுட்பக் கோளாறு அந்தக் கணக்கில் வராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. அதையும், கேப்டனின் அறிவிப்பை நேரத்தோடும் எழுதி, பிரான்ஸின் விமானத்துறை அமைப்பான டிஜிஏசிக்குப் புகார் செய்வோம் என்றும் சேர்த்தோம். அதன் பிறகுதான் தொனி மாறியது. பணம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் ஏஜென்சிகள் கணிசமான கமிஷன் பிடிப்பார்கள். நேரடியாகக் கேட்க ஒரு மெயில்தான் செலவு.

ஒத்துக்கொண்ட பிறகும் ஒரு முட்டுக்கட்டை. படிவத்தில் ஐபான் என்கிற சர்வதேச வங்கிக் கணக்கு எண் இல்லாமல் அடுத்த பக்கமே வராது. இந்திய வங்கிக் கணக்குக்கு ஐபான் என்று ஒன்று கிடையாது. வெளிநாட்டுப் பணம் வருவதற்கான ஸ்விஃப்ட் கோடு, ஐஎஃப்எஸ்சி, கணக்கு எண் மூன்றையும் வங்கியின் லெட்டர்ஹெட்டில் வாங்கி மெயிலில் அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் கிளைக்குத் தனி ஸ்விஃப்ட் கோடு இல்லை, அந்நியச் செலாவணி பார்க்கும் வேறொரு கிளையுடையதைக் கொடுத்தார்கள். பணம் வந்ததும், என்ன காரணத்துக்கு வந்தது என்று பர்ப்பஸ் கோடு கேட்டார்கள். விமான நஷ்டஈடு என்றேன். "அதெல்லாம்கூடத் தர்றாங்களாம்மா?" என்று அந்த அதிகாரி மெயிலை வாங்கி முழுசாகப் படித்தார்.

நடுவில் ஒரு வங்கி தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருந்தது. நால்வர் பணமும் ஒரே கணக்கில் வந்ததால், அத்தை தன் பங்கை அன்று சாயந்திரமே எண்ணி வாங்கிக்கொண்டார்.