முன்பல்லின் உள்பக்கம்

"பல் கூச்சம் டாக்டர், குளிர்ந்த தண்ணிகூட குடிக்க முடியலங்கிறா." அம்மாதான் பேசினார். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடிப்பதாகச் சொன்னாள். சரி, அதுதான் காரணம் என்று முடிவுகட்டி, கூச்சத்துக்குப் பேஸ்ட் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இத்தனை வருடப் பழக்கத்தில், மேல் முன்பற்களின் உள்பக்கத்தை அன்று நான் நிதானமாகப் பார்க்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தாள். இந்த முறை கண்ணாடியை உள்ளே திருப்பினேன். மேல் முன்பற்களின் உள்பக்கம் கூழாங்கல் போல வழவழவென்று தேய்ந்திருந்தது. விளிம்பு மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது. கடைவாயில் பழைய அடைப்பு மட்டும் மேடாகத் துருத்திக்கொண்டு நின்றது; அதைச் சுற்றியிருந்த பல் கரைந்து போயிருந்தது. கீழ் முன்பற்களில் ஒரு குறையும் இல்லை. எலுமிச்சை என்றால் பெரும்பாலும் பல்லின் வெளிப்பக்கம்தான் அடிவாங்கும். வயிற்று அமிலம் மேலேறி வரும்போது கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும், மேலே உள்பக்கம் மாட்டிக்கொள்ளும்.

வலது கை விரல் முட்டிகளில் காய்த்துப்போன தழும்பு. தொண்டைக்குள் விரலை விடும்போது பல் உரசி உரசி வருவது. 1979-இல் லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர், அளவுமீறிச் சாப்பிட்டுவிட்டு வலிய வாந்தி எடுக்கவைக்கும் புலிமியா என்ற நோயை விவரித்தபோதே இதைக் குறிப்பிட்டார். காதுக்குக் கீழே இருபுறமும் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருந்தது. அம்மாவுக்கு அதில் சந்தோஷம். "இப்பதான் டாக்டர் கன்னம் கொஞ்சம் பூசினாப்ல இருக்கு" என்றார்.

அவள் ஒல்லியும் இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தால்தான் நாம் சந்தேகப்படுகிறோம். புலிமியா உள்ள பலர் பார்வைக்கு நம்மைப் போலவேதான் இருப்பார்கள்.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அடிக்கடி வாந்தி வருதாம்மா?"

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "தானா வராது டாக்டர்."

திட்டவில்லை. வாந்தி எடுத்த உடனே பல் துலக்காதே, பல் இன்னும் தேயும். தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டுக் கொப்பளி என்றேன். அதைவிட முக்கியம் ரத்தப் பரிசோதனை என்றும் சொன்னேன். வாந்தியால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். இரவில் தாங்க முடியாமல் போனால் கூப்பிட, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் அதிலேயே குறித்துக் கொடுத்தேன். அவள் சம்மதித்த பிறகுதான் அம்மாவை உள்ளே கூப்பிட்டேன்.

"வீட்ல என்ன குறை வச்சோம்?" என்று அழுதார். இது குறையாலோ கொழுப்பாலோ வருவதில்லைம்மா, நோய் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருப்பாள் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

போன மாதம் வந்திருந்தாள். பழைய பல் அச்சையும் புதிய அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதிதாகத் தேய்மானம் தெரியவில்லை. "நடுவுல ரெண்டு தடவை ஆயிடுச்சு டாக்டர்" என்றாள், நான் கேட்காமலே.