கியர்பாக்ஸை இறக்கச் சொன்னார்கள், குறை டிப்ஸ்டிக்கில் இருந்தது

14 வருடம் ஓடிய நாலு கியர் ஆட்டோமேட்டிக் கார். ஊருக்குள் ஒரு குறையும் இல்லை. செங்கல்பட்டு தாண்டி முக்கால் மணி நேரம் 90ல் போன பிறகுதான் வேலையைக் காட்டியது. ஆர்பிஎம் முள் 2600லிருந்து 3300க்கு ஏறும், வேகம் மட்டும் ஏறாது. ஆக்சிலேட்டரை விட்டால் முள் இறங்கி, கியர் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பிளக்கும் காயிலும் மாற்றினார்கள். அந்தப் பணம் தண்டம். எஞ்சின் மிஸ்ஸிங் என்றால் வண்டி வெட்டும், இழுவை குறையும். ஆர்பிஎம் தானாக ஏறாது. இரண்டாவது இடத்தில் ஸ்கேனர் போட்டார்கள், பி0734 என்று கோட் வந்தது. “நாலாம் கியர் கிளட்ச் போச்சு, பெட்டியை இறக்கணும்” என்று எஸ்டிமேட் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் ஓட்டிப் பார்த்தது இரண்டு கிலோமீட்டர், ஆயில் சூடாவதற்கு முன்பே. பி0734 சொல்வது நாலாம் கியரின் விகிதம் தப்பியது என்பதை மட்டும்தான். கிளட்ச் பிளேட் தேய்ந்தாலும் அது வரும், ஆயில் அழுத்தம் விழுந்தாலும் அது வரும். அதே ஸ்கேனரில் பெண்டிங் பகுதியை (இன்னும் உறுதியாகாத கோட்கள் இருக்கும் இடம்) திறந்திருந்தால் பி0733ம் தெரிந்திருக்கும். அதாவது மூன்றாம் கியரும் நழுவியிருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை.

இந்தச் சோதனையை ரோட்டில், ஆயில் சூட்டில்தான் செய்ய வேண்டும். விலை குறைந்த புளூடூத் கருவி போதாது. கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எஞ்சின் ஆர்பிஎம், டர்பைன் ஆர்பிஎம் (கியர்பாக்ஸுக்குள் நுழையும் சுழற்சி), அவுட்புட் ஆர்பிஎம் (அதிலிருந்து வெளியேறும் சுழற்சி), ஆயில் வெப்பம் நான்கையும் ரெக்கார்ட் செய்யட்டும். ஓட்டுபவர் ஸ்கேனரைப் பார்க்கவே கூடாது.

முதலில் டார்க் கன்வெர்டர் லாக்கப். எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது கன்வெர்டர், சீரான வேகத்தில் இரண்டையும் நேராகப் பூட்டுவது லாக்கப். 90ல் சீராகப் போகும்போது, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, பிரேக் லைட் எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொட வேண்டும். லாக்கப் விட்டு ஆர்பிஎம் 200, 300 ஏறினால் அதுவரை லாக்கப் பிடித்திருந்தது என்று அர்த்தம். இந்த வண்டியில் ஏறியது. நழுவும் நேரத்தில் எஞ்சினும் டர்பைனும் சேர்ந்தே ஏறின. எஞ்சின் மட்டும் ஏறி டர்பைன் பின்தங்கியிருந்தால் கன்வெர்டரைச் சந்தேகிக்கலாம். ஆக, சிக்கல் டர்பைனுக்குப் பிறகு. கணக்கும் அதையே சொன்னது: நல்ல நேரத்தில் டர்பைனின் 2600ஐ அவுட்புட்டின் 3660ஆல் வகுத்தால் 0.71, நாலாம் கியருக்குச் சரியான விகிதம். நழுவும்போது 3300ஐ அதே 3660ஆல் வகுத்தால் 0.90.

அடுத்து, நாலாம் கியரை அனுமதிக்கும் ஓவர்டிரைவ் பட்டனை அணைத்து மூன்றாம் கியரில் அதே வேகம். இந்த வகைப் பெட்டியில் ஓவர்டிரைவ் கிளட்ச் 3லும் 4லும் வேலை செய்யும், செகண்ட் பிரேக் (இதுவும் பெட்டிக்குள் இருக்கும் பிடிப்பு, கால் பிரேக் இல்லை) 2லும் 4லும் வேலை செய்யும். 3, 4 இரண்டும் மட்டும் நழுவினால் முதலாவது. 2, 4 மட்டும் நழுவினால் இரண்டாவது. இங்கே சூட்டில் ஏற்றத்தில் 2, 3, 4 மூன்று கியருமே நழுவின, குளிர்ந்த பின் மூன்றுமே கச்சிதமாகப் பிடித்தன. ஒரு கிளட்ச் தேய்ந்தால் இப்படி நடக்காது. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஆயில் அழுத்தம் ஒன்றுதான்.

ஓரமாகச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே லீவரை எல்லா கியரிலும் ஒருமுறை போட்டு எடுத்து, ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. ஹாட் குறிக்கு (ஆயில் சூடாக இருக்கும்போது நிற்க வேண்டிய மட்டம்) மேலே விரற்கடை உயரத்துக்கு ஆயில், அது முழுக்கக் கடுகளவு குமிழிகள். பெட்டியின் பிரீதரை (காற்று போய்வரும் துவாரம்) சுற்றி ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தது. இரண்டு மாதம் முன்பு ஆயில் மாற்றியவர்கள் குளிர்ந்த வண்டியில் ஹாட் குறி வரை ஊற்றியிருக்கிறார்கள். சூட்டில் ஆயில் விரிந்து மட்டம் ஏறுகிறது, சுழலும் கியர்கள் அதைக் கடைந்து நுரையாக்குகின்றன. நுரையில் இருக்கும் காற்று அமுங்கும். அதனால் பம்ப் அழுத்தம் விழும், கிளட்ச் நழுவும். குறைவாக ஊற்றினால் மட்டும்தான் நழுவும் என்று நினைப்பது பெரிய தப்பு.

டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபும் சிரிஞ்சும் வைத்து 100 மில்லியாக உறிஞ்சினால் போதும், பெட்டியைத் தொட வேண்டாம். மொத்தம் 800 மில்லி வந்தது! ஒவ்வொரு முறையும் நுரை அடங்க விட்டு, ஆயில் 70, 80 டிகிரியில் இருக்கும்போதே மட்டம் பார்க்க வேண்டும்.

ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூவில் விட்டதில் நிறம் பழுப்புச் சிவப்பு, கருகல் வாசனை இல்லை, கறுப்புத் துகள் இல்லை. இதுதான் உயிர் வந்த நேரம். கருகியிருந்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கும், அப்போது இறக்குவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் நழுவத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரை மிதிக்கவே கூடாது. ஒவ்வொரு நழுவலும் பிளேட்டைத் தின்கிறது.

பிறகு ஆயிலையும் மாற்றியாயிற்று. இந்தப் பெட்டிக்கான எஸ்பி-3 வகை ஆயில் மட்டும், “எல்லா வண்டிக்கும் ஆகும்” வகை வேண்டாம். டிரெய்ன் பிளக்கில் எல்லாம் வராது, மீதி கன்வெர்டரில் தங்கும். எனவே வந்ததை அளந்து அதே அளவு ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, இன்னும் இரண்டு முறை.

கோட்களை அழித்துவிட்டு விழுப்புரம் வரை 90ல் ஓட்டியதில் விகிதம் 0.71ஐ விட்டு அசையவில்லை, பெண்டிங் பகுதியும் காலி.